நாலாவது தொட்டி

என் மருமகள் ஒரு கண்ணாடி டம்ளரில் சிவப்புத் தண்ணீரை ஏந்திக்கொண்டு கோழிக் கொட்டகைகளுக்கு நடுவே ஓடி வந்த காலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதற்கு முன் அவள் ஓடி நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அவளுடையது நிதானமான நடை. அன்று ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கூண்டுகளில் கோழிகள் கழுத்தை நீட்டிக் கத்தின. டம்ளரை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். மாதுளைச் சாற்றில் தண்ணீர் விளாவியது போல ஒரு நிறம். "செவந்துருச்சுங்க மாமா! நாலாவது தொட்டி செவந்துருச்சுங்க!" என்றாள். மூச்சு வாங்கியது. அந்த மகிழ்ச்சி அடங்கும் முன்பே, ஆராய்ச்சி படித்தவளுக்கு இயல்பாக வருகிற அடுத்த கேள்வியையும் கேட்டாள். "ஏனுங்க மாமா, நாங்க ஊருக்குப் போயிருந்தப்போ நாலாவது தொட்டியில ஏதாச்சும் கலந்தீங்களா?"

"இல்லையே அம்மிணி" என்றேன்.

அது பொய். அந்த ஒரு பொய்யால் அவளுடைய இரண்டு வருட உழைப்பு வீணாகப் போனது. சொல்ல வேண்டியவளிடம் சொல்லியாகிவிட்டது. அவள் கோபப்பட்டு முடித்தும் ஆகிவிட்டது. ஊரிலும் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காக எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆய்வுக்கூடத்தில் முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: செய்ததை எழுது, செய்திருக்க வேண்டியதை எழுதாதே. சாமி, சகுனம், கண்ணேறு எல்லாவற்றையும் வகுப்பிலேயே கிண்டல் செய்வேன். பையன்கள் சிரிப்பார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது. ஓய்வுக்குப் பிறகு நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் பூர்வீகத் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். அங்கே என் மகன் முட்டைக் கோழிப் பண்ணை நடத்துகிறான். அவனுக்கு ஆட்டையாம்பட்டியிலிருந்து பெண் எடுத்தோம். நுண்ணுயிரியல் படித்த பெண். சம்பந்தம் பேசப் போனபோது அவளுடைய அப்பா, "பொண்ணு பாசி வளக்கறதப் பத்திப் படிச்சிருக்குதுங்க. உங்கூட்டுக் கெணத்துல அது நெறையக் கெடக்கும், கவலையில்லீங்க" என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

கோழிக்காரர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. மக்காச்சோளம் கிடைக்காத நாட்களில் தீவனத்தில் கம்பைச் சேர்ப்பார்கள். கோழி நன்றாகத்தான் முட்டையிடும். ஆனால் உடைத்தால் மஞ்சள் கரு வெளிறிப்போய், கரைத்த சந்தனம் போல இருக்கும். வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்காகத் தீவனத்தில் சாயப்பொடி கலக்கிறவர்கள் உண்டு. என் மருமகள் வந்த முதல் கோடையில் அப்படி ஒரு பொடி டப்பாவைக் கொட்டகையில் பார்த்துவிட்டு, "இதுக்குப் பதுலா பாசியிலயே நெறம் எடுக்கலாமுங்க மாமா" என்றாள். கோடையில் எங்கள் ஊர்க் கரடு என்கிற சின்னக் குன்றின் மேலே பாறைக் குழிகளில் மழைத் தண்ணீர் வற்றும்போது, அடியில் குங்குமம் உதிர்ந்த மாதிரி ஒரு சிவப்புப் படியும். சின்ன வயதிலிருந்து அதை நான் பார்த்திருக்கிறேன், பாறையின் துரு என்றே நினைத்திருந்தேன். அவள் ஏறிப் போய் அதைச் சுரண்டி எடுத்து வந்து தண்ணீரில் போட்டாள். கொஞ்ச நாளில் அது பச்சையாகி நீந்தியது.

அந்த நுண்பாசியின் குணத்தை அவள் எனக்குச் சொல்லித் தந்த விதம் மறக்காது. வசதியாக இருக்கிற வரைக்கும் அது பச்சை. உரம், இதமான வெளிச்சம், கலங்கிக்கொண்டே இருக்கிற தண்ணீர் எல்லாம் இருந்தால் பெருகிக்கொண்டே போகும், ஆனால் நமக்கு வேண்டிய நிறம் வராது. கஷ்டம் வந்தால்தான் நீந்துவதை நிறுத்தி, உருண்டு, தடித்த தோல் போர்த்திக்கொண்டு, தன்னைக் காத்துக்கொள்ள உள்ளே சிவப்பைச் சேர்க்கும். வெயில் ஒரு கஷ்டம், உரத்தை நிறுத்துவது ஒரு கஷ்டம். ஆனால் கஷ்டம் ஒரு பிடி கூடிவிட்டால் வெளுத்துச் செத்துப் போகும். "எவ்வளவு கஷ்டம், எப்போ, எத்தனை நாளைக்கு, இதக் கண்டுபுடிக்கறதுதானுங்க மாமா முழு வேலையும்" என்பாள்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சொல்லி நான்கு அகலத் தொட்டிகள் செய்து வாங்கினோம். ஒவ்வொன்றும் இருநூறு லிட்டர் பிடிக்கும். தண்ணீரைக் கலக்குவதற்கு என்ன செய்வது என்று யோசித்தபோது பட்டறைக்காரர்தான் பழைய லாரிகளின் வைப்பர் மோட்டார்களைக் காட்டினார். மழையில் கண்ணாடி துடைத்த மோட்டார்கள் எங்கள் கொட்டகையில் தகரத் துடுப்புகளைச் சுற்றின. பாசியை வடிகட்ட, சேலம் அம்மாபேட்டைத் தறியில் நெய்த நெருக்கமான துணி. முதல் வருடம் முழுக்க அவள் சிறு பாட்டில்களில் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். உப்பும் போட்டுப் பார்த்தாள். இளம் பச்சை நீந்திக்கொண்டிருந்த பாட்டிலில் உப்பு விழுந்ததும் எல்லாம் வெடித்து நுரையாகிவிட்டது. "உப்பு இதுக்கு ஆகாதுங்க மாமா" என்று அன்றே அதை ஒதுக்கிவிட்டாள். இந்த வாக்கியத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் முதலில் பயந்து வாயை மூடிக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

இரண்டாம் வருடம் மாசி மாதம். நான்கு தொட்டிகளும் அடர்பச்சையாக நிறைந்திருந்தன. உரத்தை நிறுத்திச் சில நாட்கள் ஆகியிருந்தன, சிவப்பு வருமா என்று அவள் காத்திருந்தாள். அந்தச் சமயத்தில் ஆட்டையாம்பட்டியில் அவள் தாய் வீட்டில் ஒரு கல்யாணம். மகன், மருமகள், என் மனைவி மூவரும் போய்விட்டார்கள். காவலுக்கு நான் இருந்தேன். அன்று பார்த்து எங்களுக்குத் தீவனம் தருகிற மில்காரர் வந்தார். நல்ல மனிதர். ஆனால் அவர் வாயால் ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அது விளங்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தொட்டிகளைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "என்னங்க புரபசரய்யா, மயில் கழுத்தாட்டம் இருக்குது! எங்க மில்லுக்கு மொதல்ல நீங்கதான் குடுக்கோணும். இந்த மாதிரி ஒரு மருமவ யாருக்குங்க கெடைக்கும்?" என்றார். வேறு என்னென்னவோ புகழ்ந்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் என் மனைவி போனில் பேசியபோது இதைச் சொல்லித் தொலைத்தேன். "அய்யோ, அந்தக் கண்ணா?" என்றாள். "போன வருசம் நம்ம தென்னையப் பாத்து நல்லாக் காய்ச்சிருக்குதுன்னாரு, அடுத்த மாசமே இடி உளுந்துச்சு. ஏனுங்க, கேலி பேசாம இன்னைக்கு ஒரு நாளு உப்புச் சுத்திப் போட்ருங்க. எனக்காக வேண்டாம், அந்தப் புள்ளைக்காக." நான் வழக்கம்போல ஏதோ ஏளனமாகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

வைத்த பிறகு மனம் நிலைகொள்ளவில்லை. கொட்டகைக்குப் போனேன், வந்தேன். அந்தப் பெண் இரண்டு வருடமாகக் கரடேறி, கை தோல் உரிந்து, ஒவ்வொரு நாளும் தொட்டியருகே குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது கண்முன் வந்தது. ஒன்றுமில்லை என்று தெரியும்தான். ஒன்றுமில்லாததைச் செய்தால் என்ன கெட்டுவிடும்? இப்படித்தான் படித்தவன் தனக்குத்தானே வழிவிட்டுக்கொள்கிறான். சமையலறையில் பிரிக்காத ஒரு கிலோ கல்லுப்புப் பாக்கெட் இருந்தது. ஒரு பிடி உப்பே போதும், குழந்தைகளுக்கு அவ்வளவுதான் சுற்றுவார்கள். ஆனால் மில்காரரின் கண்ணுக்கு ஒரு பிடி எப்படிக் காணும் என்று முழுப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டேன். பிரித்து, இரண்டு கையிலும் ஏந்தி, நான்கு தொட்டிகளுக்கும் பொதுவாக வலமாக மூன்று, இடமாக மூன்று சுற்றினேன். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு என்று முணுமுணுக்கவும் செய்தேன்.

சுற்றிய உப்பை வேறு தண்ணீரில் கரைத்து, கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும். வாசல் குழாயடியில் கரைக்கலாம் என்று திரும்பினேன். அப்போது முட்டை ஏற்றுகிற லாரி கொட்டகை வாசலில் வந்து நின்றது. அதன் முதலாளியே ஓட்டி வருவான். என்னிடம் வேதியியல் படித்து, தேறாமல், லாரி வாங்கி, என்னைவிட நன்றாக வாழ்கிறவன். கண்ணேறு பற்றி நான் வகுப்பில் சொன்ன கிண்டல்களை இன்றும் நடித்துக் காட்டுவான். "ஐயா, இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே வந்தான். இரண்டு கை நிறைய உப்போடு அவன் முன்னால் நிற்க என்னால் முடியாது. பக்கத்திலிருந்தது நாலாவது தொட்டி. கையை விரித்தேன். கல்லுப்பு சலசலத்து உள்ளே போனது. "என்னங்கய்யா, மீனுக்குத் தீனி போடறீங்களா?" என்றான் அவன். "ஆமா, கிட்டத்தட்ட" என்றேன்.

மறுநாள் காலை நாலாவது தொட்டி சேற்று நிறத்தில் கிடந்தது. ஊரிலிருந்து திரும்பிய மருமகள் அதைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "நாலாவது போயிருச்சுங்க மாமா. கெடக்கட்டும், அப்புறம் கழுவிக்கலாம்" என்று மற்ற மூன்றையும் பார்க்கப் போனாள். அன்றே சொல்லியிருக்கலாம். கொன்றுவிட்டோமே என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் அவள் டம்ளரோடு ஓடி வந்தாள். மற்ற மூன்றும் வெறும் மங்கல் பச்சையாகவே நின்றுவிட்டன.

கொன்றதாக நினைத்தபோது மறைத்ததைக்கூட மன்னிக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அது சிவந்த பிறகு மறைத்ததுதான் பெரிய தப்பு. அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்கு அது குறையல்ல, தேடிக்கொண்டிருந்த விடை. எனக்கு அது அப்போது புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். முப்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்தவனுக்குப் புரியாமல் போகுமா? ஆனால் உப்பு என்று ஆரம்பித்தால் ஏன் போட்டாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். லாரிக்காரன் காதுக்குப் போகும். என் பேரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அந்தச் சிவப்பை வடித்து, காயவைத்து, பொடித்து ஒரு வரிசைக் கோழிகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்தாள். முட்டையை உடைத்தபோது கரு சாயங்காலச் சூரியன் போல இருந்தது. என் மனைவி அதைப் பொரிக்க மனம் வராமல் கிண்ணத்தோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மில்காரர் இன்னொரு முறை வந்து இன்னும் அதிகமாகப் புகழ்ந்தார். எல்லோரும் நம்பினோம், அவள் எல்லோரையும்விட அதிகமாக.

நாலாவது தொட்டிக்கு மட்டும் என்ன நடந்தது என்று அவள் தேடினாள். அது கிழக்கு ஓரத்தில் இருந்தது, மேலே நிழல்வலை கொஞ்சம் கிழிந்திருந்தது. வெயில்தான் காரணம் என்று முடிவு செய்தாள். அவளுக்குத் தெரிந்த விவரங்களை வைத்துக்கொண்டு வேறு யாரும் வேறு முடிவுக்கு வந்திருக்க முடியாது. வலையை எடுத்தாள். நான்கும் வெளுத்துச் செத்தன. பாதி வலை போட்டாள், பச்சையாகவே நின்றது. தொட்டிகளைக் கிழக்கு ஓரத்துக்கு மாற்றினாள். துடுப்பின் வேகத்தைக் குறைத்தாள், கூட்டினாள். உரத்தை ஒரு நாள் முன்னால் நிறுத்தினாள், பின்னால் நிறுத்தினாள். சில சமயம் இளஞ்சிவப்பாக ஒரு சாயை வரும், அதற்குள் வெளுத்துவிடும். ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்து, "நீங்க என்ன நெனைக்கறீங்க மாமா?" என்று கேட்பாள். நானும் கன்னத்தில் கைவைத்து யோசிப்பேன். தண்ணீரின் கடினத்தன்மை, காற்றில் கரியமில வாயு என்று என்னென்னவோ சொல்வேன். அவள் அவற்றையும் நம்பிச் செய்து பார்ப்பாள். இதை எழுதும்போதுதான் முகம் சுடுகிறது.

இரண்டு வருடம் இப்படிப் போனது. மில்காரர் கேட்பதை நிறுத்தினார். மகன் கொட்டகையின் ஒரு மூலையில் முட்டை அட்டைகளை அடுக்க ஆரம்பித்தான். அட்டைகள் மெதுவாகத் தொட்டிகளின் மேல் ஏறின. நாமக்கல்லில் ஒரு பெரிய விடுதிப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை வேலைக்கு அவள் மனுப் போட்டு, சேர்ந்தும்விட்டாள். தினமும் காலையில் நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன்.

இந்தத் தை மாதத்தில் ஒரு நாள். முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. நான் ஒலிப்பானை அழுத்திச் சலித்துப்போனேன். பேச்சுக்காக, பள்ளியில் தோட்டம் போடப் போவதாகச் சொன்னாயே, என்ன ஆயிற்று என்று கேட்டேன். "போட்டாங்க மாமா. வெத போடறதுக்கு மட்டும் வேற டீச்சரக் கூப்புட்டுக்கச் சொல்லிட்டேனுங்க" என்றாள்.

"ஏன் அம்மிணி?"

"என்ற கை ராசியில்லாத கைங்க மாமா. எதுக்குப் புள்ளைங்க வெதையக் கெடுக்கோணும்?" அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போல, தெரிந்த ஒரு விவரமாகச் சொன்னாள். உறவுக்காரர்கள் யாரோ அப்படிப் பேசியது என் காதிலும் விழுந்திருந்தது. அவள் அதை எடுத்து வைத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை. நுண்ணோக்கியில் பார்த்து ஒவ்வொரு செல்லாக எண்ணிய பெண், தன் கையில் ராசியில்லை என்று நம்பிவிட்டாள். காரணம் தெரியாத இடத்தில் மனிதருக்கு ராசிதான் மிஞ்சும். காரணம் தெரிந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"உன்ற கையில ஒரு கொறையும் இல்ல அம்மிணி. நாலாவது தொட்டியில நான் உப்புப் போட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வைக்கோல் துணுக்குகள் கண்ணாடியில் வந்து ஒட்டின. "வண்டிய ஓரங்கட்டுங்க மாமா" என்றாள். ஒரு பஞ்சர் கடை முன்னால் நிறுத்தினேன். கல்யாணம், மில்காரர், போன், லாரிக்காரன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். முடித்த பிறகு அவளிடமிருந்து வந்த முதல் வார்த்தை: "கல்லுப்புங்களா, தூளுப்புங்களா?"

"கல்லுப்பு."

"எவ்வளவு?"

"ஒரு கிலோ. முழுப் பாக்கெட்."

"கரைச்சா ஊத்துனீங்க?"

"இல்ல. அப்படியே கொட்டிட்டேன்."

"அப்போ மெதுவாத்தான் கரைஞ்சிருக்கும்" என்று தனக்குள் சொன்னாள். விரலால் மடியில் ஏதோ கணக்குப் போட்டாள். "மொத வருசம் நான் எளம் பச்சையில போட்டேன். இது முத்துன பச்சை, உரம் நிறுத்துனது, தோலு தடிச்சிருக்கும்..." பிறகுதான் கண்ணீர் வந்தது. "நான் உங்ககிட்ட நேராவே கேட்டேனுங்களே மாமா" என்றாள். கதவைத் திறந்து இறங்கினாள். பின்னால் வந்த டவுன் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

வீட்டில் நானே சொன்னேன். மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறிவிட்டு, "கோழிக்குத் தடுப்பூசி போட்டா அன்னைக்கே எழுதி வைடான்னு என்னையத் திட்டுவீங்களேப்பா" என்றான். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டான். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "சுத்தி வெளிய கரைக்கச் சொன்னா, கொழம்புக்குப் போடறாப்புல உள்ளயே போட்டுட்டு வந்திருக்கீங்க. இதுல காலேசு வாத்தியாரு வேற!" மருமகள் பேசவே இல்லை. சோறு போட்டாள், காப்பி வைத்தாள், கூப்பிட்டால் "ஏனுங்க" என்றாள். காலையில் பஸ்ஸில் போனாள். நான் தினமும் காரைத் துடைத்து வாசலில் நிறுத்தி வைப்பேன், பிறகு திரும்ப உள்ளே விடுவேன். அந்த நாட்களிலும், சொல்லப்போனால், நான் நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மருமகள் பின்னால் வந்து நின்றாள். "மாசி வரட்டுங்க மாமா. அதே வெயில் வேணும். அதுக்குள்ள தொட்டி நாலையும் கழுவி வெச்சிருங்க. ஆளு வேண்டாம், நீங்களே கழுவோணும்."

"பாசி?"

ஃபிரிட்ஜைத் திறந்து, மோர்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சோதனைக் குழாயை எடுத்துக் காட்டினாள். அடியில் கொஞ்சம் பச்சை. பள்ளி வேலைக்குப் போன பிறகும் அதை உயிரோடு வைத்திருந்தாள். யாருக்கும் தெரியாது.

முட்டை அட்டைகளை நானே இறக்கினேன். தேங்காய் நாரால் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. வைப்பர் மோட்டார் ஒன்று மட்டும் ஓட மறுத்தது, பட்டறைக்காரர் வேறு கொடுத்தார். மாசியில் நான்கும் மறுபடி அடர்பச்சையானதும் அவள் உரத்தை நிறுத்தினாள். பிறகு திட்டத்தைச் சொன்னாள். முதல் தொட்டியில் உப்பு கிடையாது. இரண்டாவதில் அரைக் கிலோ, மூன்றாவதில் முக்கால். நாலாவதில் நான் செய்ததை அப்படியே செய்ய வேண்டும். அதே பொழுது, அதே கல்லுப்பு, அதே மாதிரி கையிலிருந்து.

"சுத்தறதுமா அம்மிணி?"

"சுத்தறதும்தானுங்க."

"அதுக்கும் செவப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே."

"போன தடவ நான் கேட்டப்பவும் நீங்க இல்லைன்னுதானுங்க சொன்னீங்க" என்றாள். அந்தக் குரலில் இருந்த குத்தல் எனக்கு இதமாக இருந்தது. பேச ஆரம்பித்துவிட்டாளே!

சாயங்காலம் எல்லோரும் கூடிவிட்டார்கள். மனைவி, மகன், தீவனம் அள்ளுகிற பெண்கள், வேண்டுமென்றே அந்த நேரத்துக்கு லாரியோடு வந்த என் மாணவன். இரண்டு கை உப்போடு நான் நாலாவது தொட்டியருகே நின்றேன். "ஐயா, இது எந்தப் பாடத்துலங்கய்யா வருது?" என்று அவன் கேட்டதும் சிரிப்பில் கொட்டகையே அதிர்ந்தது. இடமாகத் தொடங்கிய என் கையை மனைவி பிடித்து வலமாகத் திருப்பிவிட்டாள். "சத்தமாச் சொல்லுங்க, அன்னைக்கு மொணமொணத்தேன்னு சொன்னீங்களே" என்றாள். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு என்று உரக்கச் சொல்லிச் சுற்றினேன். எனக்கே சிரிப்பு வந்து வயிறு வலித்தது. இத்தனை வருடம் எதற்குப் பயந்தேனோ அது இவ்வளவுதானா?

ஒரு வாரம் காத்திருந்தோம். அவள் காலையும் மாலையும் தொட்டிகளைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள், வந்தாள். பிறகு ஒரு காலை எல்லோரையும் கூப்பிட்டாள். உப்பில்லாத முதல் தொட்டி பச்சையாகவே இருந்தது. நான் சுற்றிப் போட்ட நாலாவது சிவந்துதான் இருந்தது, ஆனால் மேலே வெளுத்துச் செத்தது ஆடையாக மிதந்தது. மூன்றாவது அதைவிடத் தேவலை. இரண்டாவதைச் சுற்றி நின்று எல்லோரும் குனிந்து பார்த்தோம். துடுப்பு திரும்பும்போதெல்லாம் அடியிலிருந்து செக்கச்செவேலென்று எழுந்து புரண்டது. செத்தது என்று எதுவும் இல்லை. என் உப்பில் பாதிதான் அது. அன்று தற்செயலாக வந்ததைவிட இது எத்தனையோ மடங்கு மேல்.

"சுத்துன தொட்டிய விடச் சுத்தாத தொட்டிதானுங்க அத்தை நல்லாச் செவந்திருக்குது" என்றாள் மருமகள்.

என் மனைவி கொஞ்சமும் அசரவில்லை. "ரெண்டாவது தொட்டியும் பக்கத்துலதான கண்ணு இருந்துச்சு? அதுக்கும் சேத்துத்தான் சுத்துனாரு" என்றாள்.

மருமகள் சிரித்தாள். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், அதிலேயே கண் கலங்கியது. பிறகு முழங்கை வரை கையை இரண்டாவது தொட்டிக்குள் விட்டு எடுத்தாள். சிவப்பு உள்ளங்கையில் படிந்து விரலிடுக்கில் வழிந்தது. அந்தக் கையைத் திருப்பித் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தாள், நகக்கண்ணில் மட்டும் நிறம் போகவில்லை.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. பரீட்சை முடிகிற வரைக்கும் வேலையை விட மாட்டாளாம், பிள்ளைகளைப் பாதியில் விடக்கூடாதாம். வாசலில் நான் வழக்கம்போலக் காரைத் துடைத்து நிறுத்தியிருந்தேன். பஸ்ஸுக்குப் போவாள் என்று நினைத்து விலகி நின்றேன். அவள் வந்து முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ஊர் எல்லையைத் தாண்டினோம். பிறகு வெளியே பார்த்தபடியே, "கால் கிலோவும் போட்டுப் பாக்கலாமுங்களா மாமா?" என்று கேட்டாள்.

"பாக்கலாம் அம்மிணி" என்றேன்.